எலிக்கு எழுதிய பதில்கள்

குருமன்காடு, வவுனியா
05.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் கோழிகளும் நலம்தானே? தபாற்காரர் படலையில் மணி அடித்ததும் பயந்திருப்பீர்கள். உங்கள் அஜந்தனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கடிதம் எழுதச் சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்பஸில் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற எங்களைப் போன்ற இளம் ஆட்களுக்கு ஒரு கலந்துரையாடல் குழு தொடங்கியிருக்கிறது. வியாழன் பின்னேரங்களில் கூடுவோம். ஒருவர் ஒரு ஆய்வுக் கட்டுரையை வாசித்து வந்து விளக்க வேண்டும், மற்றவர்கள் அதில் பிழை பிடிக்க வேண்டும். குழுவை நடத்துகிற சுமித்திரா மிஸ் இதற்கு மேல் ஒரு சட்டமும் போட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை விஞ்ஞானம் படிக்காத வீட்டு ஆள் ஒருவருக்குக் கடிதமாக எழுதி, அவரிடமிருந்து ஒரு கேள்வி வாங்கி வர வேண்டும். அதன் பெயர் ‘வீட்டுக் கேள்வி’. போனில் கேட்கக்கூடாதாம். “போனில எல்லாரும் ‘ஓம் ஓம், விளங்குது’ எண்டுதான் சொல்லுவினம். எழுதச் சொன்னால்தான் விளங்காதது வெளியில வரும்” என்றார் மிஸ்.

வீட்டு ஆள் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தானே. அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

முதல் கட்டுரை நுளம்பைப் பற்றியது. ஒரே அறையில் பலர் படுத்திருந்தாலும் நுளம்பு சிலரைத்தான் தேடிப்போய்க் கடிக்கும். அவர்களுடைய தோலின் மணம் அதற்குப் பிடிக்குமாம். எந்தத் தோலில் எந்த மணம் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு மனதில் வருகிற ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். எதுவானாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
அஜந்தன்


முத்தையன்கட்டு, இடதுகரை
16.10.2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா? நீ நலமென்று எழுதியதை வாசித்துச் சந்தோசப்பட்டேன். கோழிகளில் ஒன்றை மரநாய் கொண்டுபோய்விட்டது. மற்றவை நலம்.

கடிதத்தைக் கண்டதும் அம்மாவின் நினைவுதான் வந்தது. அப்பா கட்டாரில் வேலை செய்தபோது கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு ‘நான் நலம்’ என்று எழுதினாரே, உனக்கு அது தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. விசயம் தெரிந்த பிறகு அம்மா ஒரு மாதம் அவருக்குப் பதிலே போடவில்லை. “வாயால சொல்லுற பொய் காத்தோட போயிடும். எழுதின பொய் அலுமாரியில கிடக்கும்” என்று எனக்குச் சொல்லித் தந்தார். ஆகவே நான் நலம் என்று எழுதினால் மெய்யாகவே நலம் என்று எடுத்துக்கொள்.

இனி உன் நுளம்பு. வேலை மினக்கெட்டவன் பூனைக்குச் சிரைத்த கதையாக அல்லவா இருக்கிறது உங்கள் குழு! சரி, கேள்வி இதுதான். நுளம்பு யாரைக் கடிக்கும் என்று கண்டுபிடிக்க யாராவது கடி வாங்கியிருக்க வேண்டுமே. அவர்கள் காசுக்குக் கடி வாங்கினார்களா, விருப்பத்துக்கு வாங்கினார்களா? கடித்த இடத்தை யார் சொறிந்துவிட்டது?

தீபாவளிக்கு வருவாய்தானே? கச்சான் கடலை பிடுங்கி முடிந்தது. உனக்கென்று ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா,
தயாளினி


குருமன்காடு, வவுனியா
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு விசயம் சொல்ல வேண்டும், கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

இந்தக் குழுவில் எனக்கு இடம் கதவோரக் கதிரை. மற்றவர்கள் கொழும்பில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளுவார்கள். நான் வாய் திறப்பதற்குள் கதை அடுத்த ஊருக்குப் போய்விடும். தேநீர் நேரத்தில் என்னிடம் யாரும் கதைக்க வருவதில்லை, நானும் போவதில்லை. போன வியாழன் வீட்டுக் கேள்வி வாசிக்கும் நேரம் வந்தது. உங்கள் ‘யார் சொறிந்துவிட்டது’ என்பதை வாசித்தேன். முதலில் குழுவில் இருக்கிற சுமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மிஸ் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். “பகிடி இல்லை. கடி வாங்கினவையைப் பற்றி இந்தக் கட்டுரையில ஒரு வரியாவது இருக்கோ? தேடுங்கோ பாப்பம்” என்றார். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் கதை. முதல் தரமாக எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சுகம் விசாரிப்பது, கோழி, மரநாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும்தான் வாசிப்பேன், வெட்கப்பட வேண்டாம். குழுவில் அதுதான் வழக்கம்.

அடுத்த கட்டுரை எலிகளைப் பற்றியது. எலிகளின் உடம்பில் புற்றுநோய்க் கட்டி வளர வைத்துப் பார்க்கிறார்கள். சில எலிகள் ஒரே கூட்டில் கூட்டமாக, சில தனித்தனிக் கூட்டில். சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் தனியாக வைத்த எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்ததாம். கேள்வியைக் கெதியாக அனுப்புங்கள். இப்போது எல்லோரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அன்புத் தம்பி,
அஜந்தன்


முத்தையன்கட்டு, இடதுகரை
12.11.2024

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க ஒட்டுசுட்டான் சிவனை வேண்டுகிறேன். தீபாவளிக்கு வரவில்லை. வேலை இருந்திருக்கும். சுட்ட முறுக்கை நாகேஸ்வரி மாமி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மழை பிடித்துவிட்டது.

உன் எலிக் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். உங்கள் குழுவில் பூனை யார்?

கேள்வி இது. தனியாக வைத்த எலிக்குக் கட்டி இருக்கிறது என்று முதலில் கண்டது யார்? கூட்டமாக இருப்பவை ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துக்கொள்ளும். தனியாக இருக்கிறது தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்குமா? அந்தக் கட்டி அதற்கு நோகுமா, நோகாதா? நோகாவிட்டால் பயமில்லை என்று இருக்கலாமா?

என் கோழிகளில் சீக்கு வந்தது தானாகவே ஒதுங்கி வேலியோரம் போய் நிற்கும். அதைப் பார்த்து நான் பிடித்துவிடுவேன். எலியை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன்.

எப்போது வருவாய்?

அக்கா,
தயாளினி


குருமன்காடு, வவுனியா
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமென நம்புகிறேன். இங்கும் ஒரே மழை. அறைக் கூரை ஒழுகுகிறது, கட்டிலை மற்றப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் எங்களில் யாரையும் விடக் கெட்டிக்காரி. உங்கள் கேள்விக்கு ‘முத்தையன்கட்டுக் கேள்வி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுமன் என்னைக் கண்டதும் “முத்தையன்கட்டு எப்பிடி இருக்கு?” என்று கேட்கிறான்.

பதில் சொல்கிறேன். எலி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. கட்டியாக வளரும் உயிர்க்கலங்களை ஊசியால் வைப்பது ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான், ஆகவே இடம் தெரியும். பிறகு ஒருவர் எலியைக் கையில் எடுத்து, விரலால் தடவி, அளந்து எழுதுவார். கை வைத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது எவ்வளவு வளர்ந்தாலும் தெரியவராது. நோவைப் பற்றி மிஸ் சொன்னார், தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது, அதனால்தான் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று. நோகாத கட்டி எல்லாம் கெட்டதும் இல்லை, நோகாததால் நல்லதும் இல்லை. பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு செய்தி. சனவரியில் பேராதனையில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு ஒன்றுகூடல். எங்களுடைய குழுவின் வீட்டுக் கேள்விகளைப் பற்றிப் பேச என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். என்னை! எலிக் கேள்விகளே இன்னும் வேண்டும் அக்கா. மனதில் வருவதை அப்படியே எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
அஜந்தன்


முத்தையன்கட்டு, இடதுகரை
17.12.2024

அன்புத் தம்பிக்கு,

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும். பதில் பிந்திவிட்டது. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது, றோட்டால் வெள்ளம் போனது, தபால் வரவில்லை. அது மட்டும் காரணமில்லை. எழுத இருந்தால் எழுத வரவில்லை.

பேராதனையில் பேசப் போகிறாய் என்று மாமியிடம் சொன்னேன். அம்மாவின் படத்துக்கும் சொன்னேன்.

கேள்வி எழுதுகிறேன். தீபாவளி நேரம் குன்றிமணி அளவில் இருந்தது, இப்போது கச்சான் பருப்பளவு என்றால், அது வேகமா, மெதுவா? ஓர் எலியில் அப்படி வளர்ந்தால் அளக்கிறவர் பயப்படுவாரா, சும்மா எழுதிவிட்டுப் போவாரா?

இன்னொன்று. அவை பெண் எலிகளா, ஆண் எலிகளா? பெண் எலி என்றால் அதைத் தூக்கித் தடவிப் பார்க்கிறவர் ஆணா, பெண்ணா? ஆண் என்றால் எலி கூச்சப்படாதா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் கேட்டுச் சொல்.

பொங்கலுக்கு ஒரு நாளாவது வந்துபோ. கச்சான் இன்னும் இருக்கிறது.

அக்கா,
தயாளினி


குருமன்காடு, வவுனியா
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். புத்தாண்டு வாழ்த்துகள். பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது, அந்தக் கிழமைதான் பேராதனை. குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எலியைத் தூக்குகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி மெய்யாகவே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் அக்கா! ஆணின் மணம் பட்டாலே எலி பதறும், பெண் கையில் அவ்வளவு பதறாது என்று சிலர் கண்டிருக்கிறார்கள். இதை நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு எப்படி யோசித்தீர்கள் என்று மிஸ் வியந்துபோனார். என் பேச்சில் திரையில் காட்டப்போகும் கடைசிப் படம் இதுதான். எல்லோரும் வாயைப் பிளக்கப் போகிறார்கள்.

வளர்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். குன்றிமணி கச்சான் பருப்பானது என்றால் அது வேகம்தான். ஆனால் எலியின் கணக்கு வேறு, அதன் ஆயுளே சின்னது. ஆகவே ஒப்பிட முடியாது. குன்றிமணி, கச்சான் என்று நீங்கள் சொன்ன அளவுகளை அப்படியே படம் போட்டுக் காட்டப் போகிறேன்.

அன்புத் தம்பி,
அஜந்தன்


குருமன்காடு, வவுனியா
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போன் எடுத்தேன், “சுகமாத்தான் இருக்கிறன், நீ சாப்பிட்டியோ?” என்றீர்கள். பிறகு இணைப்பு அறுந்துபோனது. சரி, கோழிகளோடு மினக்கெடுகிறீர்களாக்கும்.

பேராதனை நன்றாகப் போனது. கடைசிப் படத்துக்கு எழும்பி நின்று கைதட்டினார்கள். கைதட்டி முடிந்ததும் அவரவர் தங்கள் ஆட்களுடன் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அறைக்கு வந்து சுவருக்குத்தான் சொன்னேன். இது பகிடி.

வீட்டுக் கேள்விகளைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். எங்கள் குழுவில் அனோஜா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், செட்டிகுளத்துக்காரி, அவள்தான் தட்டச்சு செய்கிறாள். உங்கள் கடிதங்களை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
அஜந்தன்


வைரவபுளியங்குளம், வவுனியா
22.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் அஜந்தனோடு குழுவில் இருக்கும் அனோஜா. கேட்காமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

தட்டச்சு செய்வதற்காக உங்கள் கடிதங்களை அஜந்தன் என்னிடம் தந்தார். கேள்விகளை மட்டும் அடித்தால் போதும் என்றார். நான் முதல் வரியிலிருந்து வாசித்தேன். முதல் கடிதத்தில் ‘நான் நலம்’ என்று இருக்கிறது. பொய் எழுதக்கூடாது என்று அம்மா சொல்லித் தந்ததும் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் நீங்கள் நலமென்று எழுதவேயில்லை. திகதி வரிசையில் அடுக்கி மறுபடியும் பார்த்தேன். குழுவில் எத்தனை தரம் அந்தக் கேள்விகளைக் கேட்டு நானும் கைதட்டினேன் என்று நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்கா, இவை எலியைப் பற்றிய கேள்விகளா?

நான் டொக்டர் இல்லை. ஆனால் எந்தக் கிளினிக்கில் பெண் டொக்டர் இருக்கிறார் என்று தெரியும், கூட வந்து வாசலில் இருக்கவும் தெரியும். நீங்கள் சொல்லும்வரை அஜந்தனிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் வரலாமா?

உங்கள் சுகத்தை வேண்டும்,
அனோஜா


முத்தையன்கட்டு, இடதுகரை
27.02.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் நலமில்லை. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு இலேசாக இருந்தது.

நீர் வாரும். மாங்குளத்தில் பஸ் மாற வேண்டும். இடதுகரைப் பள்ளிக்கூடத்தடியில் இறங்கினால் நான் வந்து நிற்பேன்.

தயாளினி


முத்தையன்கட்டு, இடதுகரை
20.03.2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலமில்லை. நீ பயப்படுவாய், ஆனாலும் முதல் வரியிலேயே எழுதுகிறேன், நீ முதல் வரியை வாசிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன், இதையாவது வாசி.

என் மார்பில் ஒரு கட்டி. ஐப்பசியில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அந்தப் பிள்ளை அனோஜா இந்த மாதம் முதல் கிழமை வந்தாள். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் அம்மா தடவிப் பார்க்கும்போது என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். அடுத்த கிழமை பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன். இன்னும் கொஞ்சம் முதல் வந்திருக்கலாம் என்றார் டொக்டர் அம்மா. இப்போதும் கைவிட்டுப் போகவில்லை என்றும் சொன்னார்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னைக் குளிக்க வார்த்து, தலை துவட்டி, பள்ளிக்கு அனுப்பியவள் நான். ஆனால் இதைத் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? அம்மா இருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். நீ எலிக் கதை எழுதினாய். எலியை வைத்துச் சொன்னால் உனக்கு விளங்கும் என்று நினைத்தேன், படித்த பிள்ளைதானே. நான் என்னைப் பற்றிக் கேட்டேன், நீ எலிக்குப் பதில் எழுதினாய்.

உன்னில் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். கடிதத்தில் பொய் எழுதக்கூடாது. கொஞ்சம் இருக்கிறது. கட்டியை அளந்து படம் போட்டாயே, அதுதான் அதிகம் நொந்தது.

ஆனால் உன் கடிதங்களையும் எடுத்து மறுபடி வாசித்தேன். எல்லாவற்றிலும் ‘நான் நலம்’ என்று எழுதியிருக்கிறாய். கதவோரக் கதிரை, ஒழுகுகிற அறை, சுவரோடு கதை. அதை நானும் வாசித்துவிட்டுச் சும்மாதானே இருந்தேன். தனிக் கூட்டில் இருந்தது நான் மட்டுமில்லை.

இனி எலிக் கேள்வி இல்லை. தீபாவளியிலிருந்து கேட்கிற கேள்விதான். எப்போது வருவாய்?

அக்கா


மாங்குளம் சந்தி
24.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. ஒக்டோபரிலும் நலமில்லை. இங்கு வந்த நாளிலிருந்து சாப்பாட்டுக் கடைக்காரரைத் தவிர ஒருவரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. உங்கள் கேள்விகளை வாசிக்கும்போது மட்டும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது நின்றுபோகக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதத்திலாவது மெய்யாகக் கேட்டேனா என்று தேடினேன். நீங்களும் கோழிகளும் நலம்தானே என்று பகிடியாக ஒரு தரம். நலமென நம்புகிறேன் என்று ஒரு தரம். அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. மிஸ்ஸிடம் சொன்னேன். புத்தகத்திலிருந்து என் பக்கங்களை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அதனால் உங்களுக்கு நொந்தது நோகாமல் போய்விடாது என்று தெரியும்.

ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்குக் காத்திருந்து, தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்து இதை எழுதுகிறேன். முத்திரை ஒட்டப் போவதில்லை. உங்களுக்கு வாயால் வராதது போல எனக்கும் வராது. படலையைத் திறந்ததும் இதை உங்கள் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

இதை வாசிக்கும்போது நான் அங்கேதான் அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்கிறேன். வாசித்து முடிந்ததும் கூப்பிடுங்கள். கோபம் குறையும்வரை கூப்பிடாவிட்டாலும் நான் போக மாட்டேன்.

தம்பி